சியோல்காரர் சியோலுக்குப் போகிறார்

“டிக்கெட் எடுத்தாச்சுப்பா. போக, வர, தங்க எல்லாத்துக்கும் கட்டியாச்சு. வேண்டாம்னு சொன்னா ஒரு காசு திரும்பாது” என்று சொல்லிவிட்டு, சோரா ஒரு நீளமான உறையை மீன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை தாக் மான்ஹோ பாதி வழியில் நிறுத்தினார்.

“எங்கே போக?”

“சியோலுக்கு! அம்மாவுக்கு அறுபது முடியுதில்ல, அதுக்கு என் பரிசு. மூணு நாள். நீங்க ரெண்டு பேர் மட்டும்.”

மான்ஹோவின் மனைவி யோன்சிம் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உறையைத் திறக்கவில்லை. ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எனக்கு அரண்மனை, கோபுரமெல்லாம் வேண்டாம்” என்றாள். “நீங்க வேலை பார்த்தீங்களே, மாபோவுல அந்த ரொட்டிக்கடை, அதை ஒரு தடவை கண்ணால பார்த்தா போதும்.”

கரண்டியிலிருந்த சூப் முழுவதும் மான்ஹோவின் மடியில் கொட்டியது.

அவருக்கு எங்கள் ஊரில் ‘சியோல்காரர்’ என்றுதான் பேர். வாண்டோ தீவின் கடைக்கோடியில் கடற்பாசி வளர்த்துக் காயவைத்து விற்கிற நாற்பது குடும்பங்களில், இளவயதில் மூன்று வருஷம் தலைநகரத்தில் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். டிவியில் சியோலைக் காட்டினால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ம்... ரொம்ப மாறிப்போச்சு” என்பார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே முப்பத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

உண்மை என்னவென்றால், அவர் சியோலைப் பார்த்ததே அந்த டிவியில்தான்.

அந்த மூன்று வருஷமும் அவர் இருந்தது மோக்போ துறைமுகத்தில், ஒரு ஐஸ் பாக்டரியில். தீவின் மறுகோடிக்குப் பெண் பார்க்கப் போன அன்று கல்யாணத் தரகு பார்த்த அம்மாள் வழியிலேயே எச்சரித்திருந்தாள். “பொண்ணோட அப்பா கறாரான ஆளு. சொந்தப் படகு வச்சிருக்கிற பையன் ஒருத்தன் வேற காத்துக்கிட்டு இருக்கான். ஐஸ் தூக்கினேன்னு உளறி வைக்காதே. சியோல்ல இருந்தேன்னு சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

மத்ததை அவள் பார்த்துக்கொள்ளவில்லை. “சியோல்ல என்ன வேலை?” என்று பெண்ணின் அப்பா நேராக மான்ஹோவைக் கேட்டார். மேஜை மேல் ஒரு தட்டில் பூரண பன் இருந்தது. “ரொட்டிக்கடையில” என்றார் மான்ஹோ. “எந்தப் பக்கம்?” மோக்போவில் வெளியூருக்கு அனுப்பும் மீன் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த ஒரே ஒரு சியோல் விலாசம் ஞாபகத்துக்கு வந்தது. “மாபோ” என்றார்.

அதுவரை குனிந்தே உட்கார்ந்திருந்த பெண் சட்டென்று தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மான்ஹோ அடியோடு விழுந்தார். அடுத்த மாதம் கல்யாணம். படகுக்காரன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இன்றைக்கு அவனுக்கு மூன்று படகு, மாடி வீடு, மாடியில் இன்னொரு டிவி.

அந்த மாடி வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மான்ஹோ அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார். யோன்சிம் ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் பயம். சியோல் என்ற ஒரு சொல்லை நம்பி வந்தவள், அது ஐஸ் கட்டி என்று தெரிந்தால் என்ன செய்வாள்?

“மே மாசம் எப்படிப் போக முடியும்?” என்றார் மடியைத் துடைத்துக்கொண்டே. “பாசி அறுக்கிற நேரம். ரெண்டு நாள் வெயிலை விட்டா வருஷ உழைப்பு பாழ்.”

“ஜோங்தே மாமாகிட்ட சொன்னா பார்த்துக்க மாட்டாரா?” என்றாள் சோரா.

“அவனுக்கே தலைக்கு மேல வேலை. முடியாதுன்னுதான் சொல்வான். நானே போய்க் கேட்டுட்டு வரேன்.”

ஜோங்தே ஊர்த் தலைவர். மான்ஹோவுக்கு ஆறு வயது இளையவர். வீட்டுத் திண்டாட்டம், கடல் எச்சரிக்கை, காணாமல் போன நாய் எதுவானாலும் ஊர் முழுக்கக் கம்பங்களில் கட்டியிருக்கிற ஒலிபெருக்கியில் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும். மான்ஹோ போனபோதும் மைக்குக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, ஒரு உதவி.”

“சொல்லுங்கண்ணே.”

“சோரா எங்களுக்கு சியோல் டிக்கெட் எடுத்துட்டா. என் பாசியைப் பார்த்துக்க முடியுமான்னு உன்கிட்ட கேட்பா. நீ என்ன சொல்லணும்னா...”

“இதைச் சொல்லணுமாண்ணே?” ஜோங்தேயின் கை ஏற்கெனவே பொத்தானை அமுக்கிவிட்டது. “ஊர்க்காரங்களுக்கு வணக்கம். தலைவர் பேசுறேன். நம்ம சியோல்காரர் முப்பத்தேழு வருஷம் கழிச்சு சியோலுக்குத் திரும்பிப் போறார். அவரோட பாசி பூராவும் நாமதான் அறுத்துக் காயவைக்கப் போறோம். வீட்டுக்கு ஒரு ஆள். வராதவங்க பேரை இதே மைக்ல படிப்பேன். நன்றி.”

பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினார். “என்ன சொல்லணும்னீங்கண்ணே?”

“ஒண்ணுமில்ல” என்றார் மான்ஹோ.

அவர் வீடு திரும்புவதற்குள் வாசலில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் காய்ந்த பாசிக் கட்டு, ஒருவர் கையில் நெத்திலி. எல்லாம் அவருடைய பழைய முதலாளிக்கு.

“வெறுங்கையோட போய் நின்னா நம்ம ஊருக்குத்தானே அசிங்கம்?” என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோரா குவாங்ஜுவிலிருந்து வந்தபோது மான்ஹோ தயாராக இருந்தார். சாப்பாடு முடிகிறவரை பொறுத்திருந்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னார்.

“அந்த ரொட்டிக்கடை இப்ப இல்லையாம். இடிச்சிட்டாங்க.”

“யாருப்பா சொன்னா?”

“டிவியில காட்டினான். மாபோ பூரா அடுக்குமாடி. அங்க போய் எதைப் பார்க்கிறது? அரண்மனையைப் பார்த்துட்டு வந்துடலாம்.”

யோன்சிம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வாடியது. மான்ஹோவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“இருங்க, இதுல பார்த்துடலாம்” என்று சோரா தன் கம்ப்யூட்டரை எடுத்து டிவியோடு இணைத்தாள். திரை முழுக்க ஒரு தெரு விரிந்தது. அம்புக்குறியைத் தட்டத் தட்ட, நாமே நடந்து போவதுபோல கடைகள் இருபக்கமும் நகர்ந்தன. “இதுதான் மாபோ. சொல்லுங்கப்பா, எந்தப் பக்கம் போகணும்?”

மான்ஹோவின் முதுகில் வியர்வை இறங்கியது. “இப்படியெல்லாம் பார்த்தா எப்படித் தெரியும்? நான் டிராம்ல வந்து இறங்கித்தானே போவேன்.”

சோரா எதையோ தட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். “டிராமை அறுபத்தெட்டுலயே நிறுத்திட்டாங்கன்னு போட்டிருக்கே. நீங்க போனது எழுபத்தஞ்சுல இல்ல?”

சுவர்க் கடிகாரம் மட்டும் வேலை செய்தது.

“உங்கப்பா பஸ்ஸைச் சொல்றார்” என்றாள் யோன்சிம், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “கல்யாணமான புதுசுலயே எல்லாத்தையும் டிராம்னுதான் சொல்லுவார். நானே கேட்டிருக்கேன்.”

“ஆமா, பஸ். நாங்க டிராம்னுதான் சொல்லுவோம்.”

பாவம், எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறாள் என்று நினைத்தார் மான்ஹோ. நன்றியும் வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தன.

“சரி, பஸ்ல இறங்கியாச்சு. இங்க மூணு சந்து இருக்கு. எதுப்பா?”

அவர் ஏதோ ஒரு பக்கம் கையைத் தூக்கினார்.

“அங்கேயா?” என்றாள் யோன்சிம். “உப்பு இறால் விக்கிற கடைங்களைத் தாண்டி, இடது கைப்பக்கம் இறக்கத்துல இருக்கும்னு சொல்லுவீங்களே?”

அப்படி எப்போது சொன்னோம் என்று மான்ஹோவுக்கு ஞாபகமில்லை. முப்பத்தேழு வருஷத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு மறந்துவிட்டது, கேட்டவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். “அதைத்தான் சொல்றேன். இடது பக்கம்” என்று கையை மாற்றித் தூக்கினார். இடது பக்கம் என்ன பெரிய ரொட்டிக்கடையா இருக்கப்போகிறது என்று ஒரு தைரியம்.

சோரா இறக்கத்தில் இறங்கினாள். சலூன், மருந்துக்கடை, செருப்பு தைக்கிறவர். அப்புறம் இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் நசுங்கினாற்போல ஒரு சின்னக் கடை. பச்சைக் கதவு. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக பன்.

“அப்பா!” சோரா கத்தியே விட்டாள். “ரொட்டிக்கடை! ‘அறுபத்தெட்டு முதல்’னு எழுதியிருக்கு! இருங்க இருங்க, பேரை நான் மறைக்கிறேன். உங்க கடைப் பேரு என்ன? சொல்லுங்க பார்க்கலாம்!”

அவள் உள்ளங்கை டிவியின் மேல் இருந்தது. யோன்சிம் அந்தக் கைக்கு அடியில் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டினாள். “வி... டி... கண்ணாடி இல்லாம ஒரு எழவும் தெரியல.”

“விடிவெள்ளி!” என்று மான்ஹோ எழுந்தே நின்றுவிட்டார்.

மகள் கை தட்டினாள். மனைவி சிரித்தாள். மான்ஹோவும் ஒரு நிமிஷம் வெற்றிபெற்றவர்போல நின்றார். அப்புறம்தான், தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டது உறைத்தது.

“கடை இருந்தா என்ன?” என்று மெதுவாக உட்கார்ந்தார். “முதலாளி போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு அவர் இல்லாத கடையைப் பார்க்க மனசு வராது.”

“முதலாளியம்மான்னு இல்ல சொல்லுவீங்க?” என்றாள் யோன்சிம்.

“அம்மாதான். அவங்களும் போயிருப்பாங்க. அப்பவே வயசு.”

“பலகையில நம்பர் இருக்குப்பா” என்றாள் சோரா.

“வேண்டாம்! வியாபார நேரம்!”

அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. சோரா போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தாள். ஒரு வயதான பெண் குரல், சண்டைக்கு வருகிற தோரணையில், “விடிவெள்ளி!” என்றது.

“வணக்கம்மா. எழுபத்தஞ்சுல உங்க கடையில எங்கப்பா...”

“என்னது? சத்தமாப் பேசு! காது மந்தம்!”

“எழுபத்தஞ்சுல! உங்க கடையில வேலை! வாண்டோ! வாண்டோலேர்ந்து வந்து!”

அந்தப் பக்கம் தட்டுகள் உருளும் சத்தம் நின்றது.

“வாண்டோவா?” குரல் இறங்கியிருந்தது. “வாண்டோப் புள்ளையா? நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கும்மா! இங்க பக்கத்துலதான்!”

“மூணு வருஷம் என் அடுப்படியில மாவு பிசைஞ்ச புள்ள. அந்தக் கை மாதிரி அப்புறம் எனக்கு ஒரு கை அமையல. ஒருநாள் காலையில எழுந்து பார்த்தா, மூட்டையைக் கட்டிக்கிட்டு சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிடுச்சு. ஏன் போச்சு? இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டிக்கிட்டு வா. நேருக்கு நேர் நிக்க வச்சுக் கேக்கணும். ஒரு தட்டு பன் பிசைஞ்சு வச்சிட்டுத்தான் போகணும்னு சொல்லிடு, ஆமா!”

போன் வைக்கப்பட்டது. சோராவின் கண் கலங்கியிருந்தது. “அப்பா, நீங்க இவ்வளவு நல்லா ரொட்டி போடுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே!”

எனக்கும்தான் என்று நினைத்தார் மான்ஹோ.

யோன்சிம் பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு உள்ளேயிருந்தே, “குரலைக் கேட்டா தெம்பாத்தான் இருக்காங்க, இல்ல?” என்றாள்.

விஷயம் மான்ஹோவுக்கு விளங்கிவிட்டது. வாண்டோவிலிருந்து எவனோ ஒருத்தன் அந்தக் கடையில் வேலை பார்த்திருக்கிறான், எவனோ ஓடியும் போயிருக்கிறான். இனி அவன் செய்த குற்றத்துக்கு இவர் பதில் சொல்ல வேண்டும். மூன்று நாள் யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. அந்த அம்மாளுக்கு எண்பதுக்கு மேல். காது ஏற்கெனவே இல்லை. கண்ணும் மங்கியிருக்கும். நாற்பது வருஷத்தில் யார் முகம்தான் மாறாது? அவனாகவே போய் நின்றுவிட வேண்டியதுதான். ஒரே ஒரு தடை, அந்தக் கை.

மான்ஹோ மாவு வாங்கினார். பாசி காயவைக்கும் கொட்டகைக்குப் பின்னால், மனைவி கண்ணில் படாமல் பிசைந்தார். மாவு விரலைவிட்டு வர மறுத்தது. விடுவித்த மாவு பலகையைவிட்டு வர மறுத்தது. ஒரு வழியாக ஆறு உருண்டை உருட்டி, பயற்றுப் பூரணம் திணித்து, பழைய அடுப்பில் வேகவைத்து எடுத்தார்.

அந்தப் பக்கமாக வந்த ஜோங்தே ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “பாசிக் கயித்துக்குக் கட்டுற குண்டாண்ணே? கனம் சரியா இருக்கு. எங்க வாங்கினீங்க?”

மூன்றாவது நாள் யோன்சிம் வந்துவிட்டாள். மாவு அவர் முழங்கைவரை ஏறியிருந்தது.

“என்ன பண்றீங்க?”

“கை... கை மறந்துபோச்சான்னு பார்க்கிறேன்.”

அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் மாவைக் குத்தினார். மாவு அவரைத் திருப்பிக் குத்தியதுபோல இருந்தது.

“எனக்கென்ன தெரியும்” என்றாள் அவள், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “ஆனா குத்தறதுக்குப் பதிலா உள்ளங்கையால தள்ளி, மடிச்சு, கால்வட்டம் திருப்பினா என்ன?”

தள்ளினாள், மடித்தாள், திருப்பினாள். பலகையில் பரவிக் கிடந்த மாவு, அதட்டலுக்குப் பயந்த குழந்தைபோல ஒன்றுசேர்ந்து வழவழவென்று உருண்டு உட்கார்ந்தது.

மான்ஹோ வாயைப் பிளந்தார்.

“வருஷாவருஷம் பண்டிகைக்கு அரிசி மாவு உருட்டற கைதானே” என்றாள் அவள்.

அன்று முதல் பத்து நாள் பாடம் நடந்தது. பாடம் நடத்துகிறவர் மான்ஹோ என்றுதான் பேர். “தண்ணியை ஒரே தடவையா ஊத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?” என்பாள். “ஆமா, ஊத்தக்கூடாது” என்பார். “பூரணத்தை நடுவுல வச்சு இப்படி வாயைக் கிள்ளணும்னு சொல்லுவீங்களே?” “ஆமா, கிள்ளணும்.” பத்தாம் நாள் அவருடைய பன்னை ஜோங்தே நிஜமாகவே தின்றார். தின்றுவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

பஸ்ஸில் ஏற்றிவிட ஊரே வந்தது. நெத்திலி, பாசி, சுறாக் கருவாடு என்று மூன்று மூட்டை. மான்ஹோ கையசைத்தார். பஸ் திரும்பியதும் கை தானாக மடியில் விழுந்தது.

மலைகள் போயின, வயல்கள் போயின. ஒவ்வொரு பலகையிலும் சியோலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று எழுதியிருந்தது. எண் குறையக் குறைய மான்ஹோவுக்கு மூச்சு குறைந்தது. அந்தக் கிழவிக்குக் கண் நன்றாகத் தெரிந்தால்? “நீ யாரு?” என்று கேட்டுவிட்டால்? மனைவிக்கு முன்னால், அவளுடைய அறுபதாம் பிறந்தநாள் அன்று. அதைவிட இப்போதே தன் வாயால் சொல்லிவிடுவது மேல்.

வழியில் பஸ் பதினைந்து நிமிஷம் நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு காகிதக் குவளை காப்பியோடு வெயிலில் நின்றார்கள்.

“சோரா அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

யோன்சிம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கும் ஒண்ணு சொல்லணும், சோரா அப்பா.”

“சொல்லு.”

“நீங்கதானே முதல்ல ஆரம்பிச்சீங்க. நீங்க சொல்லுங்க.”

“பரவாயில்ல, உனக்குத்தானே பிறந்தநாள். நீ சொல்லு.”

“இல்ல, நீங்க...”

டிரைவர் ஹாரனை அமுக்கினார். இரண்டு பேரும், கணக்குப் பாடத்திலிருந்து தப்பிய பிள்ளைகள்போல, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். ஏறியதும் யோன்சிம் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் சொல்லவந்தது உப்பு இறாலைப் பற்றித்தான் இருக்கும், மாபோவில் இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று மான்ஹோ முடிவு செய்தார். தான் சொல்லவந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சியோலில் இறங்கியதும் கூட்டம் அவரை ஒருமுறை சுற்றிவிட்டது. நிலத்தடி ரயில் நிலையத்தில் அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுப்பின் முன்னால் நின்றார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

“முப்பத்தேழு வருஷத்துல எல்லாம் மாத்திட்டானுங்க” என்றார்.

“அந்தப் பொண்ணு வைக்கிற மாதிரி வையுங்க” என்றாள் யோன்சிம் மெதுவாக.

யோயிதோவில் இறங்கி வேறு ரயில் மாறினார்கள். மாபோவில் வெளியே வர நாலு வழி இருந்தது. மான்ஹோ நாலையும் பார்த்தார். நாலும் அவரைப் பார்த்தன.

“இந்தப் பக்கம் காத்து வருது, இப்படிப் போவோமா?” என்று யோன்சிம் படி ஏறினாள். ஏறி வெளியே வந்தவள் நடையை எட்டிப் போட்டாள். மூன்று மூட்டைகளோடு மான்ஹோ பின்னாலேயே ஓடினார். டிவியில் அந்தத் தெருவை அவள் எத்தனை தடவை பார்த்தாளோ, மனப்பாடம் ஆகியிருக்கிறது. உப்பு இறால் கடைகள் வந்தன. வாங்கலாமா என்று கேட்க நினைத்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. இடது பக்கம், இறக்கம், சலூன், மருந்துக்கடை.

பச்சைக் கதவு.

அதன் முன்னால் யோன்சிம் நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. “நீங்க முதல்ல போங்க” என்றாள்.

தனக்காக அவள் இப்படிப் பதறுகிறாளே என்று நினைத்தார் மான்ஹோ. இந்த ஒருத்திக்காகவாவது நன்றாக நடித்துவிட வேண்டும். ஓடிப்போனதற்கான காரணத்தை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தந்தி வந்தது, சொல்ல நேரமில்லை. கதவைத் தள்ளினார்.

வெந்த மாவின் வாசனை முகத்தில் அடித்தது. அடுப்படித் திரையை விலக்கிக்கொண்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, ஒரு கைத்தடியை ஊன்றி அந்த அம்மாள் வந்தாள். ஒல்லியான உடம்பு. கண் மட்டும் கழுகுக் கண். மங்கலுமில்லை, ஒன்றுமில்லை.

மான்ஹோ மூட்டைகளைக் கீழே வைத்தார். அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் இடுப்பை வளைத்து, தலை முட்டியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார்.

“முதலாளியம்மா! நான்தான் வாண்டோ! அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு தந்தி வந்துச்சு! மன்னிக்கணும்!”

நிமிராமலே இன்னொரு தடவை சொன்னார், இன்னும் சத்தமாக. தடி தரையில் விழுந்தது. ஏப்ரன் சரசரவென்று அவரைத் தாண்டிப் போனது. பின்னால் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. மான்ஹோ குனிந்தபடியே கால்களுக்கு நடுவில் பார்த்தார். தலைகீழாக, கதவுப் பக்கத்தில், அந்த அம்மாள் யோன்சிம்மின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிப் பாவி யோன்சிம், மூணு வருஷம் என் அடுப்படியில இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம ஓடிப்போனியேடி! சரி, அழாதே, அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இதைச் சொல்லு, அங்க குனிஞ்சுக்கிட்டே நின்னு என்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்காரே, அந்த மனுஷன் யாரு?”